ட்ரேனன் ரத்தம்

ஏப்ரல் 14, ஞாயிறு

டெரன்ஸின் இடது புருவம் கிழிந்துவிட்டது. எலும்பு தெரியவில்லை, அதனால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றுவிட்டார். சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, உப்புத் தண்ணீரால் கழுவி, ஒட்டுப்பட்டை போட்டு இழுத்து மூடினேன். ரத்தம் நிற்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அடிச்சது யார் தெரியுமா? டெக்லன். ஃபின்பாரோட பையன். அவன் பல்லும் இப்ப ஆடிக்கிட்டுதான் இருக்கு."

இந்த ஊருக்கு, கில்டாரனுக்கு, வந்தது என் வேலையால். எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். அயர்லாந்தில் வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் எனக்கு அழைப்பு வந்திருந்தது. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது டெரன்ஸ். அவருடைய தாத்தாவின் தாத்தா மைக்கேல் ட்ரேனன் இங்கேதான் பிறந்தாராம். ஆகஸ்ட் சந்தையில் ஒரு ஹேகர்டியின் மண்டையைப் பிளந்துவிட்டு, பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, திருச்சிக்கு வந்து, ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, காலராவில் செத்தவர். எங்கள் கல்யாணப் பந்தியில் மாமனார் எனக்குச் சொன்ன முதல் விஷயம் இதுதான். பொன்மலை ரயில்வே காலனியில் அந்த வீட்டை 'மண்டை உடைச்சவர் வீடு' என்று சொல்வார்களாம். பெருமையாகத்தான் சொன்னார்.

இங்கே ட்ரேனன் குடும்பமும் ஹேகர்டி குடும்பமும் சந்தைதோறும் கம்பெடுத்து அடித்துக்கொண்டவர்கள். நிலமோ பெண்ணோ காரணம் இல்லை. அடித்துக்கொள்வதே காரணம். எப்போதோ நின்றுபோனதை இப்போது ஊர் விழாக்குழு திரும்ப ஆரம்பித்திருக்கிறது. முன்னோரைத் தேடிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். தோல் தொப்பி உண்டு. தலையில் அடிக்கக் கூடாது. விழுந்தவனைத் தொடக் கூடாது.

டெரன்ஸ் சின்ன வயதில் பொன்மலையில் சிலம்பம் படித்தவர். சூப்பர் மார்க்கெட் வாசலில் காவல் நிற்கிறவர் கம்பு சுற்றுவார் என்பது எப்படியோ ஃபின்பார் ட்ரேனன் காதுக்குப் போயிருக்கிறது. அவர் மாட்டு வியாபாரி, அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர். தன் மாட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, கம்பைக் கொடுத்துப் பார்த்தாராம். இன்றைய பயிற்சியும் அங்கேதான்.

சட்டையை ஊறப்போட்டிருக்கிறேன். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் சரி.

ஏப்ரல் 23, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. மேல்கையில் நீலம். அலமாரிக் கதவு.

மே 11, சனி

வம்சம் கண்டுபிடிக்க அனுப்பிய எச்சில் பரிசோதனை முடிவு வந்தது. டெரன்ஸும் ஃபின்பாரும் ஒரே வம்சம்தான், தூரத்துச் சொந்தம். சந்தேகமே இல்லையாம். ஃபின்பார் வீட்டில் விருந்து. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, விஸ்கி.

ஃபின்பார் எழுந்து நின்று பேசினார். எழுபது வயது, கை மட்டும் இன்னும் கன்றை இழுத்துத் தள்ளுகிற கை.

"நாங்க கெல்ட், இந்தத் தீவோட பழைய இனம். வடக்கேருந்து கடல்கொள்ளைக்காரன் வந்தான், நார்மன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். கொல்ல முடிஞ்சுது, பட்டினி போட முடிஞ்சுது, கப்பல்ல ஏத்தி விரட்ட முடிஞ்சுது. இந்த ரத்தத்தை மட்டும் அழிக்க முடியல. பாருங்க, இந்தியாவிலேருந்து திரும்பி வந்திருக்கு!"

மேஜையைத் தட்டினார்கள். டெரன்ஸ் குழந்தை மாதிரி அழுதார். டெக்லன் தன் கையை டெரன்ஸ் கையோடு சேர்த்துவைத்து, "ரத்தம் வந்துடுச்சு, தோல் எங்க தொலைஞ்சுது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டெரன்ஸும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

கல்லறைத் தோட்டத்தில் ட்ரேனன்களுக்கு ஒரு நெடுங்கல் இருக்கிறது. ஊரைவிட்டுக் கப்பலேறிப் போனவர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. மைக்கேல் பெயர் இல்லை. அதைச் சேர்க்க முடியுமா என்று டெரன்ஸ் கேட்டார்.

"முதல்ல சந்தையில ஜெயிச்சுக் குடு" என்றார் ஃபின்பார்.

எங்கள் ஊரிலும் ஆண்ட பரம்பரை என்று சுவரெல்லாம் எழுதிவைப்பார்கள், அது ஞாபகம் வந்தது. திரும்பும்போது காரில் அதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். இடது காது இன்னும் இரைகிறது. குளிர்காற்று.

ஜூன் 6, வியாழன்

டெரன்ஸ் முழங்கை முதல் மணிக்கட்டு வரை பச்சை குத்திக்கொண்டு வந்திருக்கிறார். தொடக்கமும் முடிவும் தெரியாத முடிச்சுக்கோலம். கெல்டுகளின் அடையாளமாம். "சண்டைக்குப் போறப்ப உடம்பெல்லாம் நீலம் பூசிக்கிட்டு, ஒட்டுத்துணி இல்லாம ஓடுவாங்களாம் பிலோ. எதிராளி பாத்ததும் பயந்து செத்துடுவானாம்."

"குளிரலையாமா?" என்று கேட்டேன்.

அன்றைய ரசம் தரையோடு போயிற்று. பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினேன்.

ஜூன் 19, புதன்

டெரன்ஸுக்கு வேலை போய்விட்டது. பியர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிய ஒரு குடிகாரரைத் துரத்திப்போய், வண்டி நிறுத்துமிடத்தில் அடித்துத் தள்ளியிருக்கிறார். காறை எலும்பு முறிந்து, கீழே விழுந்த பிறகும் விலாவில் மிதி. அந்த ஆள் எங்கள் பிரிவுக்குத்தான் வந்தார். யார் அடித்தது என்று தெரியாமலே நான்தான் அவருக்குக் கழுத்தோடு சேர்த்துக் கைத்தூக்கி கட்டினேன். மாவுக்கட்டு அறையில் வேலை செய்யும் மார்ட்டின் பிறகு மெல்லச் சொன்னான்.

அந்த ஆள் புகார் கொடுக்கவில்லை. ஃபின்பார் டெரன்ஸின் முதுகில் தட்டி, "ட்ரேனன் கை சும்மா இருக்காது" என்றாராம். மாட்டுக் கொட்டகையிலேயே ஏதோ வேலை கொடுத்திருக்கிறார். டெரன்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மார்ட்டின் ஹேகர்டி. ஆமாம், அந்த ஹேகர்டிதான். சந்தையில் எதிர்வரிசையில் நிற்கப்போகிறவன். முப்பது வயதுக்குள் இருக்கும். நோயாளிகளுக்கு மாவுக்கட்டு போடும்போது பாடுவான், ஸ்வரம் ஒன்றும் நிற்காது.

இன்று கை கழுவ என் சட்டைக் கையை மடித்தபோது பார்த்துவிட்டான்.

"அது என்ன?"

"கதவு இடிச்சுது."

"கதவுக்கு விரல் இருக்கா பிலோமினா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அவன் குரலை இறக்கினான். "எங்க அம்மா நுவாலா கடைத்தெருவுல கம்பளிக் கடை வச்சிருக்காங்க. மாடியில ஒரு அறை காலியாத்தான் இருக்கு. சொல்லி வச்சேன், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. இவனுக்கென்ன வந்தது? மத்தியானம் அவனோடு பேசவில்லை. திரும்பும் வழியில் மத்தி மீன் வாங்கினேன். கம்பளிக் கடை வழியாகத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

ஜூலை 27, சனி

கொட்டகையில் பயிற்சி. ஃபின்பார் தொங்கவிட்ட பன்றியுடலின் மேல் எல்லோரும் கம்பால் அடித்துப் பழகினார்கள். டெரன்ஸ் அடித்ததும் விலா உடைந்த சத்தம் வெளியே கார்வரை கேட்டது. நான் காரிலேயே இருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

எனக்கு முதலுதவிக் கூடாரத்தில் வேலை. காலையிலேயே தூறல். சந்தைத் திடல் முழுக்க வெளியூர்க்காரர்கள். தங்கள் குடும்பப் பெயர் அச்சிட்ட சட்டைகளைப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் பாட்டன் பூட்டன் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். முரசு அடித்தது. ட்ரேனன்கள் ஒரு வரிசை, ஹேகர்டிகள் ஒரு வரிசை. எல்லோர் கையிலும் குமிழ்முனை வைத்த கருமுள் மரத்துக் கம்பு. மார்ட்டின் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

விசில் ஊதியதும் இரண்டு வரிசையும் மோதின. விறகு லாரியைக் கவிழ்த்த மாதிரி சத்தம். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. தோளில் அடி, தொடையில் அடி, கூட்டம் கை தட்டியது. பிறகு ஒரு ஹேகர்டியின் கம்பு வழுக்கி டெக்லனின் மூக்கை உடைத்தது. வேண்டுமென்று அடிக்கவில்லை. டெக்லன் கையை எடுத்து ரத்தத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு விசில் ஊதிக்கொண்டே இருந்தது, யாரும் கேட்கவில்லை.

ஒருவருக்கு முன்பற்கள் போயின. ஒருவர் தொங்கும் விரலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அமெரிக்கப் பெண்ணொருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். மற்றவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் நெருங்கினார்கள்.

டெரன்ஸ் நடுவில் இருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை. கம்பு கண்ணுக்கே தெரியவில்லை. ஆட்கள் இடமும் வலமும் விழுந்துகொண்டிருந்தார்கள், நடுவே ஒரு பாதை மட்டும் தெரிந்தது. அந்தப் பாதையின் முடிவில் மார்ட்டின் நின்றான். டெரன்ஸ் குனிந்து முழங்காலில் வெட்டினார். மார்ட்டின் மல்லாந்து விழுந்தான். தொப்பி உருண்டு போயிற்று.

டெரன்ஸ் இரண்டு கையாலும் கம்பைத் தலைக்கு மேலே தூக்கினார். அந்த முகம் எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடவில்லை. கம்பு அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. டெரன்ஸ் இடது கையை நீட்டினார், மார்ட்டினைத் தூக்கிவிட. மார்ட்டினும் கையை நீட்டினான்.

பின்னாலிருந்து டெக்லன் வந்தான். நெற்றிப்பொட்டில் ஒன்று. மார்ட்டின் எழுந்திருக்கப் பார்த்தான். உச்சியில் இன்னொன்று.

அந்தச் சத்தத்தை நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை.

ஓடிப்போய் மண்ணில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். காதிலிருந்து ரத்தமும் தண்ணீரும். என் விரலுக்குக் கீழே மண்டை நசுங்கிய இடம் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது டெக்லனைக் காணோம். டெரன்ஸ் மட்டும் கம்போடு நின்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மார்ட்டினைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். மண்டையைத் திறந்திருக்கிறார்கள். நினைவு இல்லை.

நேற்றே டெரன்ஸ் சொல்லிவிட்டார்: "டெக்லன் நம்ம ஆளு. காட்டிக் குடுக்கக் கூடாது. நீ காயத்தைத்தான் பாத்தே, ஆளைப் பாக்கல."

போலீஸ் சார்ஜெண்ட் வந்தார். பெண்மணி, பொறுமையாகப் பேசினார். டெரன்ஸ் சொல்லிவைத்தபடியே சொன்னேன். டெரன்ஸும் தான் எதையும் பார்க்கவில்லை என்றார். மழையில் எல்லோருடைய படத்திலும் முதுகுகள்தான் விழுந்திருக்கின்றன. போகும்போது சார்ஜெண்ட் டெரன்ஸிடம், "உங்களுக்கும் ஃபின்பார் குடும்பத்துக்கும் என்ன உறவு?" என்று கேட்டார்.

"நான் ட்ரேனன். அவங்க எனக்குப் பங்காளி."

சார்ஜெண்ட் குறிப்பேட்டைப் புரட்டினார். "அவர் அப்படிச் சொல்லலையே. இந்தியர் ஒருத்தர் பயிற்சிக்கு வந்துபோவாரு, வேற சம்பந்தம் இல்லைன்னு சொல்லியிருக்காரு. மார்ட்டின் பக்கத்துல கம்போட நின்னது அந்த இந்தியர்தான்னும் சொல்லியிருக்காரு."

அவர் போன பிறகு டெரன்ஸ் வெகுநேரம் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

ஃபின்பார் விஸ்கி புட்டியோடு வந்தார். எங்கள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. நான் டீ போட்டேன், சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"போலீஸ்ல நான் சொன்னது வாய் வார்த்தை டெரன்ஸ். பயத்துல சொன்னது. நீ யாருன்னு எனக்குத் தெரியும்."

டெரன்ஸ் புட்டியை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

"டெக்லனுக்குக் கைக்குழந்தை இருக்கு. உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. சண்டையில தவறிப்போய்ப் பட்டுடுச்சுன்னு சொன்னா பெரிய தண்டனை வராது, வக்கீல் செலவு எங்களோடது. ட்ரேனனுக்கு ட்ரேனன்தான் நிக்கணும். உன் மைக்கேல் அப்படித்தான். தன் அண்ணன் அடிச்சதைத் தான் அடிச்சேன்னு சொல்லிட்டுத்தான் பட்டாளத்துக்குப் போனான்னு எங்கப்பா சொல்வாரு."

இது நிஜமா, வரும் வழியில் கட்டியதா, தெரியாது. டெரன்ஸ் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"கல்லுல பேரு?"

"வெள்ளிக்கிழமை கொத்தர் வராரு."

இருவரும் கை குலுக்கினார்கள். ஃபின்பார் டீயை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க கூடாரத்துல வேலையா இருந்தீங்க. ஒண்ணும் பாத்திருக்க முடியாது. இல்லையாம்மா?"

ஆகஸ்ட் 8, வியாழன்

அடிக்காதவர் அடித்தேன் என்று சொல்லக் கூடாது என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். பிறகு படியில் விழுந்துவிட்டேன். விடுப்பு சொல்லியாயிற்று. உதட்டில் வீக்கம், ஒரு பல் ஆடுகிறது. இது மாடியில்லாத வீடு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கொத்தர் செதுக்கிக்கொண்டிருந்தார். ஃபின்பாரும் இன்னும் சில ட்ரேனன்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். 'மைக்கேல், திருச்சினாப்பள்ளி' என்று முடிந்ததும் டெரன்ஸ் மண்டியிட்டு அந்த எழுத்துகளில் விரலை வைத்துத் தூசியைத் துடைத்தார். என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எங்கள் கல்யாணத்தன்று கூட அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

அங்கிருந்து நேரே போலீஸ் நிலையம். தானே அடித்ததாக டெரன்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். உள்ளே போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. ஃபின்பாரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டெரன்ஸ் சிறையில். விசாரணை முடியும்வரை விடமாட்டார்கள். வாரம் ஒரு தடவை பார்க்கலாம். இந்த வாரம் எனக்கு டியூட்டி.

வீட்டில் சத்தமே இல்லை. சாம்பார் வைத்தேன். பெருங்காயம் தாராளமாக.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மார்ட்டின் இறந்துவிட்டான். மாவுக்கட்டு அறையைப் பூட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

அடக்கம். நான் போகவில்லை. தேவாலய மணி எங்கள் வீடுவரை கேட்டது. மத்தியானம் ஹேகர்டி இளைஞர்கள் சிலர் வந்து கூடத்து ஜன்னல்களை உடைத்தார்கள். ஒரு கல் என் தோளில் பட்டது. "கொலைகாரன் பொண்டாட்டி, ஊருக்குப் போ" என்றார்கள். போகட்டும். நான் கதவைத் திறந்து வாசலில் நின்றேன். அடுத்த கல்லைக் கையில் வைத்திருந்தவன் என் முகத்தைப் பார்த்துக் கீழே போட்டுவிட்டான். உதட்டில் வீக்கம் இன்னும் முழுதாக வற்றவில்லை.

கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

படுக்கையறைக்கு மஞ்சள் பூசினேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நான் தேறிவிட்டேன் என்கிறார்கள். எடை கூடியிருக்கிறது. தங்கையோடு போனில் வெகுநேரம் தமிழில் கத்திப் பேசினேன், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வாரமும் சிறைக்குப் போக முடியவில்லை, பேருந்து ஒத்துவரவில்லை.

குற்றத்தைக் கொலை என்று மாற்றியிருக்கிறார்கள். ஃபின்பார் சொன்னபடி சின்னத் தண்டனை இல்லை, ஆயுள்கூட ஆகலாம். டெரன்ஸ் வாக்குமூலத்தை மாற்றமாட்டேன் என்கிறாராம். அது அவர் முடிவு. நான் என்ன செய்ய முடியும்? நன்றாகத் தூக்கம் வருகிறது.

செப்டம்பர் 11, புதன்

டெக்லனைக் கடைத்தெருவில் பார்த்தேன். குழந்தையைத் தோளில் வைத்திருந்தான். உடைந்த மூக்கு கோணலாக ஆறியிருக்கிறது. "நல்லா இருக்கீங்க போல" என்றான். நான் மீன்கடைக்குள் போய்விட்டேன்.

செப்டம்பர் 14, சனி

நுவாலா ஹேகர்டி வந்தார். மார்ட்டினின் அம்மா.

கதவைத் திறந்ததும் அடிப்பார் என்று நினைத்து ஒதுங்கினேன். அவர் மழைக்கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேநீர் கேட்டார். கொடுத்தேன்.

"நான் சிறைக்குப் போய் உன் வீட்டுக்காரரைப் பாக்கப் போறேன்" என்றார். "மன்னிக்கறேன்னு சொல்லணும். என்னால இதைச் சுமந்துகிட்டு இருக்க முடியல. கம்பளிக் கடைக்கு வர்ற ஒவ்வொரு வெளியூர்க்காரனும் அவன் குடும்பத்துக்குன்னு இருக்கற ஸ்வெட்டர்ப் பின்னல் எதுன்னு கேக்கறான். அதெல்லாம் நாங்க வியாபாரத்துக்குக் கட்டின கதை. வாங்கறவனுக்கு அதுதான் வேணும். என் பிள்ளையும் அந்தக் கதையிலதான் செத்தான்."

நான் சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு தெரியணும். நீ அங்க இருந்தே. அவன் தலையை நீதான் பிடிச்சிருந்தியாம். உன் வீட்டுக்காரர் அடிச்சப்ப கோபத்துல அடிச்சாரா? வெறுப்புலயா? இல்ல, தெரியாம பட்டுதா? எதை மன்னிக்கறேன்னு தெரிஞ்சு மன்னிக்கணும்."

"அவர் அடிக்கல" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"என்ன?"

"டெக்லன் அடிச்சான். பின்னாலேருந்து. ரெண்டு தரம். இவர் கையைக் குடுத்துத் தூக்கத்தான் போனாரு. உங்க பையனும் கையை நீட்டினான்."

நுவாலா கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

எழுந்து வந்து என்னை அறைந்தார். இன்னொரு கன்னத்திலும் அறைந்தார். வயதானவர், ஆனாலும் கம்பளி மூட்டை தூக்கிய கை. நான் தடுக்கவில்லை. பிறகு அவரே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், இல்லையென்றால் விழுந்திருப்பார்.

"மழைக்கோட்டைப் போட்டுக்கோ" என்றார். "கார் வெளியில நிக்குது."

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்று அந்த சார்ஜெண்டிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். யாரிடம் பயம் என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை அவர் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "அதையும் எப்ப வேணும்னாலும் வந்து சொல்லலாம்" என்றார்.

நுவாலா கடை மாடி அறைக்கு வந்துவிட்டேன். மார்ட்டின் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தானாம். சின்ன அறை. கீழேயிருந்து கம்பளி வாசனை வருகிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

ஃபின்பாரின் கொட்டகையில் மாட்டுத் தீவனத்துக்கு அடியில் டெக்லனின் கம்பைக் கண்டெடுத்தார்கள். குமிழைக் குடைந்து உள்ளே ஈயம் ஊற்றியிருக்கிறதாம். அவன் சித்தப்பா மகன் ஒருவனும் வாயைத் திறந்துவிட்டான். டெக்லனைக் கைது செய்தாயிற்று. ஃபின்பார் மீதும் வழக்கு வரும்.

டெரன்ஸை விட்டுவிடுவார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக வருகிறது.

சனிக்கிழமை காலை, கடை திறந்த கையோடு டெரன்ஸ் வந்தான். நுவாலா கல்லாவில் இருந்தார். நான் அலமாரியில் ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் மெலிந்திருந்தான். நேரே கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறான், கால்சட்டை முட்டியில் மண். மைக்கேலின் பெயரைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

"ஏண்டி சொன்னே?"

"நீங்க அடிக்கல. அதான் சொன்னேன்."

"உன்னை யார் கேட்டா? உள்ள என்னை ட்ரேனன்னு கூப்பிட்டாங்க. ஃபின்பார் வாரம் தவறாம வந்தாரு. என்கூட உக்காந்து பழைய கதையெல்லாம் பேசுவாரு. நீ வந்தியா ஒரு நாள்?"

"வரல."

"எல்லாத்தையும் அழிச்சுட்டே."

"உங்க கம்பு நின்னுது" என்றேன். "கையைக் குடுத்தீங்க. உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் உங்ககிட்ட பாத்த நல்லது அது ஒண்ணுதான். அதை எதுக்குங்க இல்லைன்னு சொல்றீங்க?"

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

டெரன்ஸ் என் முடியைப் பிடித்துக் கல்லாவில் மோதினான். கீழே தள்ளி விலாவில் உதைத்தான். எழுந்திருக்க ஊன்றிய வலது கையை மிதித்தான், மணிக்கட்டு முறிந்தது. படி இல்லை, கதவு இல்லை. டெரன்ஸ் செய்தான். கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே செய்கிறான். நுவாலா கணப்பில் கரி கிளறும் இரும்புச் சட்டுவத்தை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தார், அவன் விழுந்தான், மறுபடி அடித்தார். தெருவிலிருந்தவர்கள் ஓடி வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நுவாலாவையும் பிடிக்க வேண்டியிருந்தது.

சார்ஜெண்ட் ஆஸ்பத்திரிக்கே வந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 15, செவ்வாய்

நீதிமன்றம். டெரன்ஸின் ஜாமீன் மனு. அடுத்தது டெக்லனுடையது. அதனால் ட்ரேனன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், முன்பெஞ்சுகள் முழுக்க. ஃபின்பார் ஓரத்தில், கம்பளிக் கோட்டில். நான் பின்னால் நுவாலாவோடு உட்கார்ந்தேன். மாவுக்கட்டு கனத்தது.

டெரன்ஸ் நொண்டிக்கொண்டு வந்து கூண்டில் நின்றான். அரசு கொடுத்த வக்கீல், சின்னப் பையன் மாதிரி இருந்தார், இவர் அமைதியானவர், வாழ்க்கையில் பெரிய ஏமாற்றம் கண்டவர் என்றெல்லாம் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மனைவி இருக்கற இடத்துக்குப் பக்கத்துல போகக் கூடாது. அப்ப இவர் தங்கறதுக்கு ஒரு வீடு வேணும், பொறுப்பு ஏத்துக்க ஒரு ஆளும் வேணும். இந்த ஊர்ல இவருக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

வக்கீல் டெரன்ஸைப் பார்த்தார். டெரன்ஸ் பெஞ்சுகளைப் பார்த்தான். அவசரப்படாமல், வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். ஒருவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். ஃபின்பார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை குத்திய கையைக் கூண்டின் விளிம்பில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு டெரன்ஸ் காத்திருந்தான்.

கடைசியில் என்னைப் பார்த்தான்.

நல்ல கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நுவாலா என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

"யாரும் இல்லை" என்று நீதிபதி எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடி.

டெரன்ஸை வெளியே கொண்டுபோக இரண்டு போலீஸ்காரர்கள் கையைப் பிடித்தார்கள். அவன் கதவை அடைவதற்குள் எழுத்தர் அடுத்த பெயரை வாசித்தார்.

"டெக்லன் ட்ரேனன்."

முன்பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

கதவருகே போலீஸ்காரர்களின் பிடியில், அடிபட்ட முழங்காலோடு, டெரன்ஸும் நிமிர்ந்து நின்றான்.